சக்கரம் வெச்ச வீடு

அமெரிக்காவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ரோட்டிலேயே பார்க்கணும்னு ஆசையா? நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஏறக்குறைய 4,700 கி.மீ. காரில் விரட்டினால் அஞ்சாறு நாள். ஆர்.வி.யில் கிளம்புறவங்க ஒரு மாசம், ரெண்டு மாசம்னு எடுத்துக்குவாங்க. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் கூடவே உருளும். எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக் 1960-ல் பிக்கப் டிரக் மேல ஒரு அறையைப் பொருத்திக்கிட்டு, சார்லிங்கிற நாயோட இப்படித்தான் நாட்டைச் சுத்தினார்.

கேட்க ஜாலியா இருக்குல்ல? ஓட்டுறவர் தலைக்குள்ள ஓடுற கணக்கே வேற.

முதல்ல கரண்ட். ராத்திரி தங்குற முகாமில் 30 ஆம்பியர், 120 வோல்ட் இணைப்பு கிடைச்சா மொத்தம் 3,600 வாட். கூரை ஏ.சி. ஒண்ணே 1,500 வாட் வரை இழுக்கும். கூடவே மைக்ரோவேவும் ஹேர் டிரையரும் போட்டீங்கன்னா பிரேக்கர் விழுந்துடும். 50 ஆம்பியர்னா 6,000 வாட்தானேன்னு கேட்காதீங்க. அதில் 120 வோல்ட் லைன் ரெண்டு வரும், ஆளுக்கு 50 ஆம்பியர். ஆக 12,000 வாட். இ.இ.இ. மக்கள் இந்நேரம் சிரிச்சிருப்பீங்க.

அடுத்தது கழிவு (சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க மன்னிக்கவும்). குளிச்ச, பாத்திரம் கழுவின தண்ணிக்கு ஒரு டேங்க், அதைச் சாம்பல் டேங்க் என்பாங்க. கழிப்பறைக்குத் தனியா கறுப்பு டேங்க். முகாமில் குழாயை மாட்டி, கறுப்பு வால்வைத் திறந்தே விட்டா வேலை மிச்சம்னு புதுசா வர்றவங்க நினைப்பாங்க. தண்ணி மட்டும் வடிஞ்சு, கெட்டியானது அடியில் மேடு கட்டிடும்! அதனால வால்வை மூடியே வெச்சு, நல்லா நிரம்பினதும்தான் திறக்கணும். முதல்ல கறுப்பு, பிறகு சாம்பல். பின்னால வர்ற சோப்புத் தண்ணி ஹோஸைக் கழுவிக் கொடுத்துடும்.

இதெல்லாம் நாத்தத்தோட போச்சு. உயிருக்கு உலை வைக்கிறது இறக்கம்தான். கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கு. மேற்கே வெளிய வந்ததும் சில்வர்தார்ன் ஊர் வரைக்கும் ஏறக்குறைய 600 மீட்டர் இறங்கணும். 5 டன் வண்டிக்கு mgh போட்டுப் பாருங்க: கிட்டத்தட்ட 30 மெகாஜூல். 90 லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுபோற வெப்பம் அது. பிரேக்கை அழுத்திக்கிட்டே இறங்கினா அதில் பெரும்பங்கு பிரேக்கில்தான் போய்ச் சேரும். சூடு ஏற ஏறப் பிடிமானம் குறையும். கடைசியில் பெடலை மிதிச்சாலும் வண்டி நிக்காது. பிரேக் போன லாரிகள் ஏறி நிக்கிறதுக்குன்னே அந்தச் சரிவின் ஓரத்தில் தனிப் பாதை போட்டு வெச்சிருக்காங்க.

இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கீழ் கியருக்கு மாத்திடுங்க, எஞ்சினே வேகத்தைப் பிடிச்சுக்கும். பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சா அடிச்சுக்கட்டும்.