ஈரத் துணியும் ஒரு சதுரத் தாளும்

குட்டீஸ்! நோட்டின் நடுத்தாளைக் கிழித்து, கப்பலும் ராக்கெட்டும் செய்திருப்பீர்கள்தானே? (வகுப்பில் நான் பிடுங்கி வைத்த ராக்கெட்டுகளே ஒரு பை நிறைய இருக்கும்!) ஜப்பானில் இதற்கு 'ஒரிகாமி' என்று பெயர். 'ஒரி' என்றால் மடிப்பது. 'காமி' என்றால் காகிதம். அங்கேயும் இதை வெகுகாலம் சிறுவர் விளையாட்டாகத்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பை மாற்றியவர் அகிரா யோஷிசாவா.

1911-ல் பிறந்த இவர், 13 வயதிலேயே டோக்கியோவுக்கு வந்து இரும்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு படம் வரைபவராக உயர்ந்தார். புதிய தொழிலாளர்களுக்கு வடிவியல் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பும் வந்தது. தாளை மடித்து மடித்தே அவர்களுக்குப் பாடத்தைப் புரிய வைத்தார்.

1937-ல் திடீரென்று வேலையை விட்டுவிட்டார். எதற்கு? முழுநேரமும் காகிதம் மடிக்க! வருமானத்துக்கு என்ன வழி? சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டத்தை வீடு வீடாகப் போய் விற்றார். இப்படியே வறுமையில் பல வருடங்கள் ஓடின.

ஜப்பானியர்கள் ஒவ்வோர் ஆண்டையும் எலி, எருது, புலி என ஒரு விலங்கின் பெயரால் அழைப்பார்கள். மொத்தம் 12 விலங்குகள். யோஷிசாவா மடித்த அந்த 12 உருவங்களையும் 1952-ல் 'அசாஹி கிராஃப்' பத்திரிகை வெளியிட்டது. நாடே திரும்பிப் பார்த்தது. 1955-ல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகர அருங்காட்சியகத்தில் அவருடைய உருவங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

எந்தப் பக்கம் மடிப்பது, எங்கே திருப்புவது என்பதைக் கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் முறையை 1954-ல் தன் புத்தகத்தில் தந்தார். இன்று உலகெங்கும் ஒரிகாமி புத்தகங்களில் இருப்பது அந்த முறையிலிருந்து வளர்ந்ததுதான். ஜப்பானிய மொழி ஓர் எழுத்துகூடத் தெரியாத குழந்தையும் படத்தைப் பார்த்தே கொக்கு மடித்துவிடலாம்!

எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு யுக்தி. காய்ந்த தாளை மடித்தால் விளிம்பெல்லாம் கத்தி மாதிரி நேராக நிற்கும். யானையின் வயிறு அப்படியா இருக்கிறது? அதனால் தடித்த தாளை லேசாக ஈரமாக்கி மடித்தார். ஈரத்தில் தாள் இளகும். விரலால் வளைத்துக் குழிக்கலாம். காய்ந்ததும் தாளிலுள்ள பசை இறுகி, வளைவு அப்படியே நின்றுவிடும்.

2005 மார்ச் 14, தம் 94-வது பிறந்த நாளன்றே யோஷிசாவா காலமானார்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் முயன்று பாருங்கள். தடித்த வரைபடத் தாள் ஒன்று, நன்றாகப் பிழிந்த ஈரத் துணி ஒன்று போதும். தாளைத் துடைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. நோட்டை மட்டும் கிழிக்காதீர்கள்!