பௌதிக விஞ்ஞானமும் பால்மரக் காடும்

உயிரற்ற பொருள்களின் குணங்களையும், அவற்றை இயக்கும் சக்தியின் போக்கையும், அளந்தும் நிறுத்தும் பரிசோதித்தும் அறிய முற்படுகிற சாஸ்திரங்களையே பௌதிக விஞ்ஞானங்கள் என்கிறோம். பௌதிகம், ரசாயனம், வான சாஸ்திரம், பூகர்ப்ப சாஸ்திரம் முதலியன அவற்றின் பிரிவுகள். இலக்கணம் எளிதுதான். ஆனால் இவற்றின் எல்லை எங்கே முடிகிறது என்று கேட்டால் பண்டிதர்களும் சற்றுத் தயங்குவர். பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் உழைத்த நம்மவரோ அவ்வெல்லையை நாள்தோறும் கடந்து வந்தவர்கள்.

விடியுமுன்னரே பாலுக்காக மரம் வெட்டப் புறப்பட்டது எதனால்? வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்க, பட்டையினுள் பாலின் அழுத்தம் தணிந்து, வரத்தும் குறைந்துவிடும். மரம் தாவர சாஸ்திரத்தின் ஆட்சிக்குட்பட்டது. அழுத்தமோ பௌதிகத்தின் சொத்து.

மங்குகளில் சேர்ந்த பால் ஸ்டோரை அடைந்ததும், கிராணி அதில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இறக்குவார். ரப்பர் நீரினும் இலேசானது. ஆதலின் ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழ்ந்தும், நீர் மிகுந்த பாலில் உயர்ந்தும் நிற்கும். ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி, தண்ணீர் கலந்தவரைக் காட்டிக்கொடுக்கும் வேவுகாரனாக அங்கே உத்தியோகம் பார்த்தது! பிறகு ஃபார்மிக் அமிலத்தின் முறை. எதிர் மின்னூட்டம் தாங்கி ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும் ரப்பர்த் துளிகள், அமிலம் அம்மின்னூட்டத்தைத் தணித்தவுடன் ஒன்றுகூடி உறைகின்றன. இதை ரசாயனம் என்பதா, மின்சார சாஸ்திரம் என்பதா?

ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கிலும் இதே கதைதான். வெள்ளீயத்தாது மணலைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானதால், டூலாங் தட்டை நீரில் சுழற்றும்போது மணல் வெளியேற, தாது தங்குகிறது. அருகிலுள்ள சுண்ணாம்புக் குன்றுகளையோ, கரியமில வாயுவை உறிஞ்சி இலேசான அமிலமாகிய மழைநீர், யுகயுகமாகக் கரைத்துக் குகைகளாக்கியிருக்கிறது. கனம் பௌதிகம், கரைதல் ரசாயனம், குன்று பூகர்ப்ப சாஸ்திரம் என்று வகுப்பது பாடசாலையின் சௌகரியமேயன்றி இயற்கையின் ஏற்பாடன்று.

மீண்டும் ரப்பருக்கே வருவோம். கோலகங்சாரில் 1877-இல் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்படுவதற்கு எழுபத்திரண்டு ஆண்டுகள் முன்பே, அதாவது 1805-இல், ஜான் காஃப் என்னும் பார்வையற்ற ஆங்கிலேய அறிஞர், ரப்பர்த் துண்டை உதட்டில் வைத்துச் சட்டென இழுத்தால் அது சூடேறுவதைக் கண்டறிந்தார். 1859-இல் ஜூல் என்பவர் அதை நுட்பமாக அளந்தார். ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, அகலமான ரப்பர் வளையம் ஒன்று கிடைத்தால் வாசகர்கள் இன்றே செய்து பார்க்கலாம்.