மாத்திரைக்கு அடங்காத கிருமி எங்கிருந்து வருகிறது?

"சளி, காய்ச்சல்னா நான் கஷாயம்தான் டாக்டர். ஆன்டிபயாடிக்கே தொடமாட்டேன். அப்புறம் எப்படி அது எனக்குக் கேட்காமப் போச்சு?"

சிறுநீர்த் தொற்றோடு வந்த ஒரு குடும்பத் தலைவி கேட்ட கேள்வி இது. வழக்கமான மாத்திரைகள் பலவற்றுக்கு அவருடைய கிருமி அடங்காது என்று பரிசோதனையில் வந்திருந்தது. குளிர் ஜுரமும் விலாப்புற வலியும் இருந்ததால், நெருஞ்சில் குடிநீர் கொடுத்து நாளைக் கடத்தாமல், உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஊசி மருந்தில்தான் குணமானார். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: ஆன்டிபயாடிக் உயிர் காக்கும் மருந்து. அது பலிக்காமல் போனால் நஷ்டம் எல்லோருக்கும்தான்.

பழகிப்போவது யார்?

"உடம்புக்கு மாத்திரை பழகிப்போச்சு" என்பார்கள். பழகுவது உடம்பு அல்ல, கிருமி! மருந்துக்குத் தப்பிய கிருமி பெருகும். தப்பும் வித்தையைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும். இது நம் உடம்புக்குள் மட்டுமல்ல, சாக்கடையிலும் எருக்குழியிலும்கூட நடக்கிறது.

நாம் விழுங்கும் அமாக்ஸிசிலினில் பாதிக்கு மேல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. மாடு, கோழிகளுக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளினும் சாணத்திலும் எச்சத்திலும் கலந்து எருவாக வயலுக்குப் போகிறது. மழை பெய்தால் அங்கிருந்து வாய்க்கால், ஏரி!

தொழிற்சாலைக் கழிவு இன்னும் மோசம். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், சுமார் 90 மருந்து நிறுவனங்களின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த மாத்திரை சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம்!

வேறு எதுவும் கேட்காதபோது டாக்டர்கள் எடுக்கும் கடைசி ஆயுதம் கொலிஸ்டின். அதையே கோழி சீக்கிரம் வளரத் தீவனத்தில் கலந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு இதற்குத் தடை போட்டது.

ஆக, அந்த அம்மாவுக்குக் கிருமி எந்த வழியில் வந்தது என்று விரல் நீட்ட முடியாது. அசுத்த நீர், கழுவாத கை, பச்சைக் காய்கறி, கோழி வெட்டிய பலகை எதுவாகவும் இருக்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* டாக்டர் எழுதாமல் கடையில் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். சாதாரண ஜலதோஷத்துக்கு அது வேலை செய்யாது. எழுதிக் கொடுத்தால், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்.

* மீந்த மாத்திரையைக் கழிவறையிலோ உரக்குழியிலோ போடாதீர்கள். திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று மருந்துக்கடையில் கேளுங்கள். இல்லையென்றால், காப்பிச் சக்கையோடு கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் சேருங்கள்.

* மாடித் தோட்டத்துக்குப் பச்சைக் கோழி எரு வேண்டாம். சூடேறி நன்றாக மக்கியதைப் போடுங்கள். மக்கினால் மருந்து குறையும், முழுதும் போய்விடாது. எருவைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

* பாலையும் இறைச்சியையும் நன்றாகக் கொதிக்க விடுங்கள். கிருமி சாகும். ஆனால் அதிலுள்ள மருந்து முழுதும் போகாது. அதனால் வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள், ஊசி போட்டபின் கால்நடை டாக்டர் சொல்லும் நாள்வரை பாலைக் கறந்து விற்காதீர்கள், குடிக்கவும் வேண்டாம்.

ஆலைக் கழிவை அரசுதான் தடுக்க வேண்டும். நம் வீட்டுச் சாக்கடைக்கு நாம்தான் பொறுப்பு. இன்னொன்று: நீர்க்கடுப்போடு குளிர் ஜுரம் வந்தால், கஷாயத்தை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்!