மணிக்கட்டில் ஒரு செயற்கைக்கோள் கணக்கு: ஜி.பி.எஸ். கடிகாரம் வாங்குமுன்

சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கிறது பாலசமுத்திரம் மண்டலம். ஒருபுறம் பள்ளிப்பட்டு, மறுபுறம் சோளிங்கர். மாந்தோப்புகளுக்கும் கரும்பு வயல்களுக்கும் இடையே தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் பேசப்படும் ஊர்கள் இவை. விடியற்காலையில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் இரண்டு வகையான மனிதர்களைக் காணலாம். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க நடப்பவர்கள் ஒரு வகை. காவலர் பணிக்கோ இராணுவத்துக்கோ தேர்வாக வேண்டும் என்று ஓடிப் பழகும் இளைஞர்கள் மற்றொரு வகை. இரு சாராரின் மணிக்கட்டிலும் இன்று ஏதோ ஒரு கடிகாரம் ஒளிர்கிறது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று அது சொல்வதை அவர்கள் நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம், அது எந்த அளவுக்குத் தகும் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் செய்தி.

பதினான்கு வினாடிகளின் விலை

ஆந்திரப் பிரதேசக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,600 மீட்டர் தூரத்தை 8 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஓர் இளைஞர் தம் கடிகாரத்தை நம்பியே தினமும் பயிற்சி செய்கிறார் என்று கொள்வோம். அக்கடிகாரம் தூரத்தை நூற்றுக்கு மூன்று பங்கு மிகையாகக் காட்டினால், அவர் 1,600 மீட்டர் என்று எண்ணி நிற்கும் இடத்தில் ஏறக்குறைய 48 மீட்டர் இன்னும் மிச்சமிருக்கும். 8 நிமிட வேகத்தில் அந்த 48 மீட்டரைக் கடக்கச் சுமார் 14 வினாடிகள் ஆகும். பயிற்சியில் 7 நிமிடம் 50 வினாடி என்று மகிழ்ந்தவர், தேர்வுத் திடலில் 8 நிமிடத்தைத் தாண்டிவிடுவார். தேர்வு நாளில் பேசுவது நம் கடிகாரம் அன்று. அளந்து போட்ட கோடுதான்.

இத்தகைய பிழை எப்படி நேர்கிறது? அதை அறிய, கடிகாரம் தன் இடத்தை எவ்வாறு கண்டுகொள்கிறது என்பதைச் சற்றே பார்ப்போம்.

கடிகாரத்துக்குள் நடப்பது

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் அணுக் கடிகாரத்தின் நேரத்தை ஓயாது அனுப்பிக்கொண்டே இருக்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகள் வந்து சேர்ந்த நேரத்தை ஒப்பிட்டு, நம் கைக்கடிகாரம் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரத்தில் 300 மீட்டர் பிசகும்.

அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கியது. கையில் கட்டிக்கொண்டு ஓடும் கருவிகளுக்கு வழி பிறந்தது அதன் பிறகுதான். எனினும் திறந்த வானத்தின் கீழும் சில மீட்டர் பிழை இயல்பே. மரங்கள், கட்டடங்கள், பாறைச் சரிவுகள் ஆகியவற்றில் பட்டுத் திரும்பி வரும் அலைகள் அப்பிழையை இன்னும் பெருக்கும்.

நம் பகுதிக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பூமிக்கு மேலே மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலம் இருக்கிறது. பூமத்தியரேகையை ஒட்டிய நம்மைப் போன்ற நிலப்பகுதிகளில் அது மிகுந்த கொந்தளிப்பு உடையது. சூரியன் மறைந்த பிறகு சில நாட்களில் செயற்கைக்கோள் அலைகளையே தடுமாறச் செய்யும். திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடைப்பட்ட காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகம், தன் பெரிய ராடாரைக் கொண்டு இதையும் ஆராய்ந்து வருகிறது. ஒன்றுக்குப் பதிலாக இரண்டு அலைவரிசைகளைப் பெறும் கடிகாரங்களால் இந்தப் பிழையில் பெரும்பகுதியைத் தாமே திருத்திக்கொள்ள இயலும். விளம்பரங்களில் 'டூயல் பேண்ட்' அல்லது 'மல்டி பேண்ட்' என்று காண்பது இதுவே. அது வெறும் அலங்காரச் சொல் அன்று. விலை கூடுவதற்கும் அதுவே ஒரு காரணம்.

ஸ்ரீஹரிகோட்டாவின் பங்கு

2022 ஆம் ஆண்டில் உருவான திருப்பதி மாவட்டத்தில்தான் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருக்கிறது. இந்தியாவின் சொந்த வழிகாட்டு அமைப்பான 'நாவிக்'கின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று அங்கிருந்து ஏவப்பட்டது. தொடக்கக் கால நாவிக் செயற்கைக்கோள்கள் அனுப்பிய அலைவரிசைகள், சிறிய கைக்கடிகாரங்களில் பரவலாக இருந்த சில்லுகளுக்குப் பொருந்தவில்லை. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01, உலகின் பெரும்பாலான கடிகாரங்கள் பயன்படுத்தும் எல்-1 அலைவரிசையையும் சேர்த்துக்கொண்டு சென்றது. நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட அணுக் கடிகாரமும் அதில் இருந்தது.

நாவிக் வசதி உள்ள கடிகாரம் என்றால் வாங்கத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அதற்காகவே அதிக விலை கொடுக்க வேண்டிய கட்டம் இன்னும் வரவில்லை. ஜி.பி.எஸ்.ஸுடன் ரஷ்ய, ஐரோப்பிய, சீன அமைப்புகளுள் சிலவற்றையும் சேர்த்துப் பெறும் கடிகாரமே நடைமுறைக்குப் போதுமானது.

பெட்டியின் மேல் எழுதாத செய்தி

மலிவு விலைக் கடிகாரங்களில் நாம் மிகுதியாக ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெட்டியின் மேல் 'ஜி.பி.எஸ்.' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். சிறிய எழுத்தில் 'கனெக்டட்' என்றிருக்கும். அக்கடிகாரத்தில் ஜி.பி.எஸ். கிடையாது, நம் கைப்பேசியின் ஜி.பி.எஸ்.ஸையே அது இரவல் வாங்குகிறது என்பதே அதன் பொருள். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால், கை அசைவைக் கொண்டு காலடிகளை எண்ணி, அதிலிருந்து தூரத்தை ஊகிக்கும். வேகம் கூடும்போது காலடியின் நீளமும் கூடுகிறது. ஆகவே ஊகமும் தவறுகிறது. நாம் மேலே சொன்ன மூன்று பங்கு பிழை இவ்வகைக் கடிகாரங்களுக்கு அரிதன்று.

நடைப்பயிற்சி மட்டும் செய்பவருக்கு, அதிலும் கைப்பேசியை எப்போதும் உடன் கொண்டுசெல்பவருக்கு, இந்த எளிய வகையே போதும். பத்தாயிரங்களைச் செலவிடத் தேவையில்லை. ஓட்டத்தேர்வுக்குத் தயாராகும் இளைஞருக்கோ, ஜி.பி.எஸ். உள்ளமைந்த கடிகாரமே பயன்தரும்.

அதனிலும் முக்கியமான கருவி ஒன்று இருக்கிறது. அதன் விலையோ மிகக் குறைவு. அதுதான் அளவு நாடா. முறையான ஓடுபாதையின் உட்கோட்டில் ஒரு சுற்று 400 மீட்டர்; நான்கு சுற்றுகள் 1,600. இரண்டாம் கோட்டில் ஓடினால் ஒரு சுற்றுக்கு ஏழு மீட்டருக்கும் சற்று மிகுதியாக ஓடுகிறோம். ஓடுபாதை இல்லாத ஊரில், நேரான சாலையில் 400 மீட்டரை நாடாவால் அளந்து இரு முனைகளிலும் அடையாளமிட்டுக்கொள்ளலாம். கடிகாரம் அந்தத் தூரத்தை எவ்வளவாகக் காட்டுகிறது என்று ஐந்தாறு முறை ஓடிப் பார்த்தால், அதன் குணம் தெரிந்துவிடும். பிழை எப்போதும் ஒரே பக்கமாக இருக்குமானால், அதைக் கழித்துக்கொண்டு பயிற்சி செய்யலாம்.

மலையேறுவோர் கவனிக்க வேண்டியவை

இப்பகுதி மக்களுக்கு மலையேற்றம் புதிதன்று. சோளிங்கரில் யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள். திருமலைக்கு அலிபிரி வழியாகச் சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள்; ஸ்ரீவாரி மெட்டு வழியாக 2,388 படிகள். திருமலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

அலிபிரிப் பாதையின் பெரும்பகுதிக்கு மேலே கூரை உண்டு. பக்கங்களில் மரங்களும் சரிவுகளும் உண்டு. பக்தர்களுக்கு நிழல் தரும் அந்தக் கூரை, செயற்கைக்கோள் அலைக்குத் தடை. ஆகவே அங்கு ஏறிவிட்டு, கடிகாரம் 9 கிலோமீட்டருக்குப் பதிலாக வேறொரு எண்ணைக் காட்டினால், கடிகாரம் கெட்டுவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை.

உயரத்தை அளப்பதில் ஜி.பி.எஸ். இன்னும் பலவீனமானது. செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேயே இருப்பதால், பக்கவாட்டுப் பிழையைவிட உயரப் பிழை மிகுதி. காற்றழுத்தமானி உள்ள கடிகாரமே மலையேறுவோருக்கு ஏற்றது. சுமார் 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறையும். நல்ல உணரி அதில் சிறு பங்கையும் கண்டறியும். மழை மேகம் சூழ்ந்தாலும் அழுத்தம் மாறும் என்பதால், உயரம் தெரிந்த ஓரிடத்தில் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு ஏறத் தொடங்குவது நலம்.

மின்கல ஆயுளிலும் ஒரு நுட்பம் உண்டு. '14 நாட்கள்' என்று விளம்பரம் சொல்வது, பெரும்பாலும் ஜி.பி.எஸ்.ஸை அணைத்துவைத்த நிலையில். ஜி.பி.எஸ். இயங்கும்போது எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. நீர்த்தடையைக் குறிக்கும் '5 ஏ.டி.எம்.' என்பதற்கு, 50 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கலாம் என்று பொருளன்று. அசையாத நீரில் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதே பொருள். வியர்வைக்கும் மழைக்கும் நீச்சலுக்கும் அது போதும்.

திருமலைப் பாதைகளில் வனவிலங்கு நடமாட்டத்தை ஒட்டித் தேவஸ்தானம் நேரக் கட்டுப்பாடுகளை விதிப்பதுண்டு. எந்தக் கடிகாரமும் அந்த அறிவிப்புக்கு மாற்று ஆகாது.

நாடித்துடிப்பும் மருத்துவரும்

கடிகாரத்தின் அடிப்பக்கத்துப் பச்சை ஒளி, தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண்டு நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. பட்டை தளர்ந்திருந்தாலும், கை வேகமாக அசைந்தாலும் அக்கணக்குத் தடுமாறும். துல்லியம் வேண்டுவோர் மார்புப் பட்டையைத் தனியே வாங்கி இணைத்துக்கொள்ளலாம்.

ஊசி குத்தாமல் இரத்தச் சர்க்கரையைக் காட்டுவதாகச் சொல்லும் கடிகாரங்களை நம்பவே கூடாது. அத்தகைய கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான அளவை நம்பி இன்சுலின் எடுத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்தாகலாம். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால், கடிகாரம் எந்த எண்ணைக் காட்டினாலும் நிற்பதும் மருத்துவரிடம் செல்வதுமே முறை.

பணம் செலுத்துமுன்

'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லைக் கண்டவுடன் மகிழ்ந்துவிட வேண்டாம். பூச்சிய வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013 ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியுள்ளது. ரொக்கமாக வாங்கினால் கிடைக்கக்கூடிய தள்ளுபடி, தவணையில் வாங்கும்போது மறைந்துபோகலாம். நடைமுறைக் கட்டணமும், வட்டிப் பகுதிக்கான ஜி.எஸ்.டி.யும் சேரலாம். எடுத்துக்காட்டாக, ரூ.18,000 கடிகாரம் ரொக்கத்துக்கு ரூ.16,800 என்றால், அந்த ரூ.1,200 தான் நாம் கொடுக்கும் வட்டி. ஆறு மாதம் சிறிது சிறிதாகச் சேமித்து வாங்குவது பலருக்கும் இயலக்கூடியதே.

கடிகாரத்திலோ பெட்டியிலோ இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்மார்ட் கடிகாரங்களுக்கு அது கட்டாயம். சமூக ஊடகத்தில் வரும் நம்ப முடியாத தள்ளுபடி இணைப்புகளைத் தொட வேண்டாம். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பொருளிலோ சேவையிலோ குறை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஓட்டப் பாதையைப் பொதுவில் பகிரும் செயலிகளில், வீட்டைச் சுற்றிய பகுதியை மறைத்துவைப்பதும் அவசியம். ஓர் ஓட்டச் செயலி 2017 இல் வெளியிட்ட உலக வரைபடம், இராணுவ முகாம்களின் இருப்பிடங்களையே காட்டிக்கொடுத்தது.

கடையில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. ஜி.பி.எஸ். கடிகாரத்துக்குள்ளேயே இருக்கிறதா, கைப்பேசியைச் சார்ந்ததா?
2. ஒரு அலைவரிசையா, இரண்டா?
3. ஜி.பி.எஸ். இயங்கும்போது எத்தனை மணி நேரம் நிற்கும்?
4. காற்றழுத்தமானி உண்டா? மலையேறாதவருக்கு இது தேவையில்லை.
5. வெயிலில் திரை தெளிவாகத் தெரிகிறதா? கடைக்கு வெளியே கொண்டுவந்து பார்க்கவும்.
6. பழுதுபார்க்கும் நிலையம் நம் ஊருக்கு அருகில் எங்கே உள்ளது?

இந்த ஆறுக்கும் விடை கேட்குமுன், நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் எந்தப் பாதையில், எதற்காகச் செல்லப்போகிறோம்? காலை நடைக்கு எளிய கடிகாரம், தேர்வுக்கு ஜி.பி.எஸ். உள்ளமைந்த கடிகாரமும் அளந்த மைதானமும், மலைக்குக் காற்றழுத்தமானி உள்ள கடிகாரம். இவற்றுக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் நம் கால்களுக்குப் பயன்படாத பணமே. அதை ஒரு நல்ல காலணிக்காகவோ சேமிப்புக் கணக்கிலோ வைத்தால் நெடுந்தூரம் உடன் வரும்.