பழைய சைக்கிளும் புதிய செயினும்

சென்ற கோடையில் மணப்பாட்டில் எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவன் ஒருவன், தன் பாட்டனார் ஓட்டிய சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கிச் செப்பனிட்டான். கடற்காற்றின் உப்பால் துருவேறியிருந்த செயினைக் கழற்றிவிட்டுப் புதிய செயின் பூட்டினான். திருச்சிலுவைக் கோயில் நிற்கும் குன்றின் பக்கமாக எழுந்து நின்று மிதித்தபோது, செயின் பல்லைத் தாவியது. முழங்காலில் பலத்த அடி. “புதுச் செயினே மோசம்” என்றான் அவன். “வண்டியையே பழைய இரும்புக்குப் போடுங்கள்” என்றார் கடைக்காரர். இரண்டும் தவறென்பதே இன்றைய பேச்சின் பொருள்.

செயின் பல்சக்கரத்துக்குப் பொருந்துவதற்கு முதலில் இரண்டு அளவுகள் ஒத்திருக்க வேண்டும். ஒன்று, ஆணிக்கு ஆணி உள்ள தூரம். இக்காலச் சைக்கிள்களில் அது அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் ஓர் அங்குலம். மற்றொன்று, உள்ளகலம். கியர் இல்லாத வண்டிகளுக்கு அது அங்குலத்தில் எட்டிலொரு பங்கு. கியர் வண்டிகளின் பழைய அளவு முப்பத்திரண்டில் மூன்று பங்கு. குறுகிய செயின் தடித்த பல்லில் அமராது.

மாணவனின் செயினில் இவ்விரண்டும் சரியாகவே இருந்தன. அப்படியானால் பிழை எங்கே? கழற்றிப் போட்ட பழைய செயினை அளந்தோம். இருபத்துநான்கு கண்ணிகள் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். அவையோ பன்னிரண்டேகால் இருந்தன. இரும்பு நீளவில்லை, ஆணிகளும் அவற்றின் துளைகளும் தேய்ந்ததால் இடைவெளி கூடியது. அவ்விடைவெளிக்கேற்பப் பின்சக்கரத்துப் பற்களும் சுறாவின் துடுப்பைப் போல் வளைந்து தேய்ந்திருந்தன. சரியான அளவுள்ள புதிய செயின் அப்பள்ளங்களில் முழுதும் இறங்காமல், பாரம் மிகும்போது ஏறித் தாவிற்று. முன்சக்கரத்தில் 48 பற்கள், பின்னால் 18. ஆகவே முன்பல் ஒருமுறை உழைக்கும் நேரத்தில் பின்பல் இரண்டரை முறைக்கும் மேல் உழைக்கிறது. பின்பல் முந்தித் தேய்ந்ததன் காரணம் இதுவே.

ஆதலின் மாற்ற வேண்டியது பிரீவீல் ஒன்றுதான். அதன் மரை ஆங்கிலேய அளவில் 1.37 அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 24 இழையும் கொண்டது. பழைய பிரெஞ்சு வண்டிகளின் மரை மில்லிமீட்டர் கணக்கில் அமைந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பெடல் அச்சின் கிண்ணங்களிலும் இத்தகைய மயக்கமுண்டு. பழைய ராலே வண்டிகளில் அங்குலத்துக்கு 26 இழை. பிற ஆங்கிலேய வண்டிகளில் பெரும்பாலும் 24. மேலும், ஆங்கிலேய முறையில் வலப்புறக் கிண்ணத்தின் மரை இடஞ்சுழி. அதை அறியாதவர் கழற்றுவதாக எண்ணி இறுக்கிவிடுவர். எனவே எந்த உறுப்பையும் முதலில் கையாலேயே இரண்டு மூன்று சுற்றுச் சுழற்றிப் பாருங்கள். கையால் இணங்காததைச் சாவியால் வலிந்து திருகினால் மரை அழியும். பிறகு உறுப்பு மட்டுமன்றிச் சட்டமும் பாழாகும்.

புதிய பிரீவீல் கையாலேயே ஏறி அமர்ந்தது. முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தோம். மறுநாள் அதே மேட்டில் அவன் எழுந்து நின்று மிதித்தான், செயின் தாவவில்லை. பாட்டனார் வண்டி பழைய இரும்பாகாமல் பிழைத்தது. குற்றம் சாட்டுமுன் அளந்து பாருங்கள். சைக்கிளுக்கு மட்டுமன்று, பிறவற்றுக்கும் இது பொருந்தும்.