பானெட்டுக்குள் ஒரு கூவம்!

கார் வைத்திருக்கும் வாலிபர்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வண்டியில் மொத்தம் எத்தனை தொட்டி?

பெட்ரோல் டேங்க் தெரியும். ரேடியேட்டர் டப்பா தெரியும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. வைப்பர் லீவரை இழுத்தால் கண்ணாடியில் 'புஸ்' என்று தண்ணி அடிக்கிறதே, அந்தத் தண்ணி குடியிருக்கும் வீடு! பானெட்டைத் திறந்தால் ஓரமாக, கண்ணாடியும் நீரூற்றும் படம் போட்ட மூடி ஒன்று எட்டிப் பார்க்கும். அதைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?

"சர்வீஸுக்கு விடும்போது அவங்களே ரொப்பிடுவாங்க சார்" என்பீர்கள். ரொப்புவார்கள். எதை என்று கேட்டீர்களா? பல இடங்களில் வெறும் பைப்புத் தண்ணிதான்!

என் நண்பர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் கார் வாங்கி, அதிலேயே குடும்பத்தோடு பெண் பார்க்கக் கிளம்பினார். வழியில் ஒரு லாரி சேற்றை வாரி இறைத்தது. நண்பர் ஸ்டைலாக லீவரை இழுத்தார். கண்ணாடி சுத்தமாச்சு. காருக்குள்ளே ஊறின கோணிப்பை வாடை! பின் சீட்டிலிருந்து அத்தை, "டேய், எவன்டா சாக்ஸைக் கழட்டினது?" என்றார். நாலு ஆண்களும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். பாவம், எல்லோருமே நிரபராதிகள்!

வெளியே அடிக்கிற தண்ணி உள்ளே எப்படி நாறும்?

விஷயம் இதுதான். காருக்குள் வெளிக்காற்றை இழுக்கும் துவாரம், முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. கண்ணாடியில் அடித்த தண்ணி வழிந்து அங்கேதான் வருகிறது. ஏ.ஸி.யின் காற்றாடி அந்த வாடையை அப்படியே உறிஞ்சி, உங்கள் மூக்குக்கு நேராக விநியோகம் செய்துவிடுகிறது!

தண்ணி ஏன் நாறுகிறது? ரெண்டு மூணு லிட்டர் தண்ணி, இருட்டு, பக்கத்திலேயே இன்ஜின் சூடு, மாசக்கணக்கில் அசைவில்லை. கிருமிக்கும் பூஞ்சைக்கும் இதைவிட வசதியான லாட்ஜ் கிடைக்குமா? தொட்டியிலும் ட்யூபிலும் வழவழவென்று ஒரு படலம் கட்டிவிடும். அதற்குமேல் எத்தனை முறை புதுத் தண்ணி ஊற்றினாலும், பழைய சாம்பாரில் புது ரசம் ஊற்றின கதைதான்.

மூக்கைப் பிடித்தால் போதுமா?

போதாது என்கிறார்கள் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள். லீஜியோனெல்லா என்றொரு கிருமி. 1976-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஓட்டலில் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கி, பலரைக் கொன்று பெயர் வாங்கியது. வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணியில் வளரும். நுண்ணிய சாரலோடு மூச்சில் போனால் நிமோனியா வரலாம். இங்கிலாந்தில் டிரைவர் வேலை பார்ப்பவர்களுக்கு இது அதிகமாக வருகிறதே என்று துருவினார்கள். வாஷர் திரவம் சேர்க்காமல் வெறும் தண்ணி விடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2010-ல் வெளியிட்டார்கள். வெறும் தண்ணி விட்ட கார்களைச் சோதித்ததில், ஐந்தில் ஒன்றில் அந்தக் கிருமியின் தடயம். திரவம் கலந்த கார்களில் இல்லை.

இதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். நல்ல ஆரோக்கியம் உள்ள இளவட்டங்களுக்கு ஆபத்து குறைவு. ஆனால் பின் சீட்டில் வயசான அப்பா உட்கார்கிறார். சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கும் ரிஸ்க் கூடுதல். அவர்களுக்காகவாவது மூடியைத் திறக்கலாமே!

முதலில் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள். ஏ.ஸி. போட்டதுமே நாறினால், அது கூலிங் காயில் அல்லது கேபின் ஃபில்டர் சமாசாரம். வாஷர் அடித்தால் மட்டும் நாறினால், தொட்டிதான். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் வைப்பருக்குக் கீழே மக்கிக் கிடக்கும் இலைகளையும் அள்ளிவிடுங்கள். அதுவும் ஒரு கூட்டுக் களவாணி!

இனி சுத்தம் செய்யும் படலம். வாய், மூக்கில் மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் சொல்லியோ, சின்ன ட்யூப் வைத்தோ பழைய தண்ணியை வெளியேற்றுங்கள். லீவரை இழுத்தே காலி பண்ணுகிறேன் என்று ஒரே பிடியாகப் பிடிக்காதீர்கள். பத்து வினாடிக்கு மேல் போனால் மோட்டார் சூடாகும். தண்ணி இல்லாமல் ஓடவும் விடக்கூடாது. பிறகு வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி ரெண்டு பங்கு கலந்து ஊற்றி, கொஞ்சம் அடித்து ட்யூபுக்குள் ஏற்றி, அரை மணி ஊறவிடுங்கள். காலி செய்து, நல்ல தண்ணியால் ரெண்டு மூணு முறை அலசுங்கள். பெயின்டின் மேல் பட்டதையும் கழுவிவிடுங்கள். துவாரம் அடைத்திருந்தால் ஒரு ஊசி போதும்.

பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம். வினிகரோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும்! ஷாம்பு, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வேண்டாம். நுரை கட்டி, பிசுக்கு ஒட்டும்.

அப்புறம்? உப்பு போர்த் தண்ணிக்குப் பதில் ஆர்.ஓ. தண்ணி. அதில், கடையில் விற்கும் வாஷர் திரவம், பாட்டிலில் போட்டிருக்கும் அளவில். வாரம் ஒருமுறை, தேவை இருக்கிறதோ இல்லையோ, ரெண்டு தடவை அடித்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை தொட்டி அலசல். இவ்வளவுதான்.

நான் பி.காம். படித்தவன், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு பக்கம் ஒரு பாட்டில் திரவம், அரை நாள் ஞாயிற்றுக்கிழமை. இன்னொரு பக்கம் புது மோட்டார், புது ட்யூப், அத்தையின் வாய். பேலன்ஸ் ஷீட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்!

வீட்டில் தண்ணி தேங்கினால் கொசு ஒழிப்பு ஆட்கள் மொட்டை மாடி வரை வந்து எட்டிப் பார்க்கிறார்கள். பானெட்டுக்குள் எட்டிப் பார்க்க உங்களைத் தவிர யாரும் வரமாட்டார்கள்.