ஐங்குறுநூற்றின் பத்து அமைப்பும் படைப்பெழுத்துப் பயிற்சியும்

முன்னுரை

கற்பனைக் கட்டுரை எழுதப் பணிக்கப்படும் மாணவர் பலர், துணைநூல்களில் பயின்ற தொடர்களையே மீண்டும் எழுதுகின்றனர். தலைப்பு விரிந்ததாகவும் வரையறை இல்லாததாகவும் இருப்பது இதற்கு ஒரு காரணமாகும். வரையறை கற்பனையைத் தடுக்கும் என்னும் கருத்துக்கு மாறாக, அதுவே கற்பனையைத் தூண்டவும் கூடும் என்பதை ஐங்குறுநூற்றின் அமைப்பைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பத்து அமைப்பு

ஐங்குறுநூறு திணைக்கு நூறாக ஐந்து திணைகளையும் பாடுகிறது. ஒவ்வொரு நூறும் பத்துப் பத்துகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. கபிலர் பாடிய குறிஞ்சியில் குரக்குப்பத்து, கிள்ளைப்பத்து எனக் கருப்பொருளால் பெயர்பெற்ற பத்துகள் உள்ளன. அம்மூவனார் பாடிய நெய்தலில் சிறுவெண்காக்கைப் பத்தின் பாடல்கள் அனைத்தும் ஒரே முதலடியைக் கொண்டவை. மாறுவது காக்கையின் செயலே. அது ஒரு பாட்டில் கழிமீனை உண்கிறது; மற்றொன்றில் நீர்த்துவலையின் ஒலியில் துயில்கிறது; பிறிதொன்றில் துறையில் கிடக்கும் அம்பியினுள் முட்டையிடுகிறது; இன்னொன்றில் நெய்தற் பூவைச் சிதைக்கிறது. செயல் மாறுந்தோறும் அதனோடு இயையும் அகவுணர்வும் வேறுபடுகிறது.

பயிற்சி முறை

ஐங்குறுநூறு பயிற்சிநூல் அன்று. எனினும் அதன் அமைப்பைப் பயிற்சியாக்கலாம். மாணவர் தம் வாழ்விடத்தில் நாளும் காணும் ஒரு பொருளைத் தேர்ந்து, ஒரே தொடக்கத் தொடரோடு பத்துச் சிறு பகுதிகள் எழுத வேண்டும். தெருக்குழாய், பேருந்து நிறுத்தம், வேப்பமரம் என எதுவும் அப்பொருளாகலாம். முதல் இரண்டு மூன்று பகுதிகளைப் பழகிய தொடர்களால் நிரப்பிவிடலாம். அவை தீர்ந்தபின் பொருளை உற்றுநோக்குவதைத் தவிர வேறு வழியில்லை. தமக்கே உரிய சொல் அங்குத்தான் தொடங்குகிறது.

அடுத்து, அவற்றுள் ஒன்றைத் தாய், தோழி, அயலார் எனக் கூற்று மாற்றி எழுதச் செய்யலாம். அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய விதியையும் பின்பற்றச் செய்யலாம். நேரே சொல்லக் கூசும் துயரைப் பெயரற்ற ஒருவரின் கூற்றாகச் சொல்வதற்கு இது இடமளிக்கும். தன்னை மறைத்துக்கொள்ளும் உரிமையே தன்னை வெளிப்படுத்தும் துணிவைத் தருகிறது.

மதிப்பீடு

மாணவரின் சொந்தத் துயருக்கு மதிப்பெண் இடுதல் முறையன்று; அவ்வாறு இட்டால் மதிப்பெண்ணுக்காகத் துயரைப் புனையும் வழக்கமே வளரும். நோக்கின் நுட்பம், கூற்றின் பொருத்தம், ஒரு பகுதி மற்றொன்றிலிருந்து வேறுபடும் தன்மை ஆகியவற்றையே மதிப்பிட வேண்டும். எழுதியதைப் பிறர்முன் படிப்பது மாணவரின் விருப்பத்திற்கு உரியதாதல் வேண்டும்.

முடிவுரை

சங்கப் பாடல்கள் வகுப்பறையில் பெரும்பாலும் பொருளுரைக்கும் பாடமாகவே நின்றுவிடுகின்றன. அவற்றின் அமைப்பை எழுதிப் பார்க்கும் மாணவர், ஒரு காக்கையைப் பத்து முறை பாடிய புலவரின் அருமையையும் உணர்வர். தம் தெருவையும் புதிதாகக் காண்பர்.